அறுபது வருஷத்துக்கு ஒரு மன்மதம்

காதர் பாய் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது எனக்கு ஒரு கன்னம்தான் மழித்து முடிந்திருந்தது. மறு கன்னத்துச் சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு பழவேற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜனாஸா தொழுகைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நம் வாசகசாலைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். கருவாட்டு மண்டி வியாபாரி. அவர் குடும்பத்தில் ஓர் ஏட்டுச்சுவடி இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி முன்னோர் ஒருவர் பாடியது. கடைசி ஏட்டில் 'மன்மத வருஷம்' என்று இருக்கும். அது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மன்மதம் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. அந்த ஒரு வருஷத்தின் மேல் பாய்க்கு அப்படி ஒரு பித்து. அதே வருஷம் தமிழில் வேறு யார் என்ன பாடினார்கள் என்று, கண்ட புலவரையெல்லாம் பிடித்துக் கேட்பார். மறுபடி மன்மத வருஷம் வந்ததும், "முந்நூறாவது வருஷம், பேரும் அதே பேரு! வுடக் கூடாது முதலியாரே" என்றார். வாசகசாலையில் விழா ஏற்பாடாகி நோட்டீஸ் ஒட்டியாயிற்று. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வரவேற்புரை. ரைஸ் மில்லில் மூட்டை எண்ணிய குரல், மைக் வேண்டாம் என்பதுதான் என் தகுதி. உரையை என் பெரிய பெண் திருத்தினாள். திருத்திய பின் அதில் என்னுடையது என்று மிஞ்சியது 'வணக்கம்' மட்டும்.

விழாவுக்கு முந்தின வாரம் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஐயர், "பொறந்த மன்மதம் சுத்தி வந்துடுத்து" என்றார். தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னாய்யா, செலை மாதிரி?" என்று என் சம்சாரம் இடித்தாள். அறுபது வருஷத்துக்கு ஒரு மன்மதம் வருமே! ஏட்டில் இருப்பது எந்த மன்மதம்?

மறுநாள் காலை மண்டியில் போய் நின்றேன்.

"பாய், கடைசி ஏட்டுல வருஷத்துக்கு எண்ணு எதனா கீதா?"

"பேருதான் கீதே. இன்னா இப்போ?"

"எங்கப்பா பொறந்ததும் மன்மதந்தான்."

முதலில் சிரித்தார். பிறகு கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். "அப்போ முந்நூறா, இருநூத்தி நாப்பதா?"

"முந்நூத்தி அறுபதாக்கூட இருக்கலாம்."

"பட்டணத்துலேந்து பண்டிதரு வர்றாரு. மச்சான் சொந்தபந்தத்தையெல்லாம் இட்டுக்கினு வர்றான். மானம் பூடுமேய்யா!"

"பேசாம வுட்டுடலாம் பாய். எவனுக்குத் தெரியப் போவுது?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இன்னும் எவனுக்குத் தெரியணும்?"

விழா மேடையில் 'வணக்கம்' சொல்லி, பெண் எழுதிய மிச்சத்தையும் படித்து முடித்தேன். அடுத்து பாய் எழுந்தார். "இந்த ஏட்டுல பேரு இருக்குது, எண்ணு இல்ல. முந்நூறுன்னு நான் சொன்னது நிச்சயமில்ல. பாட்டு மட்டும் நிச்சயம். படிக்கிறேன், கேளுங்க" என்றார். "இத்தினி பேர் எதிர்ல குடும்பத்து மானத்த வாங்கிட்டியே!" என்று அவர் மச்சான் எழுந்து வெளியே போனார், சொந்தபந்தம் பின்னாலேயே போயிற்று. பாய் படித்து முடித்தார். பண்டிதர் கரும்பலகையில் வருஷக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஆளாளுக்கு ஒரு நூற்றாண்டு சொன்னோம். பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகும் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு அந்த வருஷம்தான். "எதனா துப்பு கெடச்சுதா பாய்?" "தேடிக்கினு கீறேன்." கடைசிவரை கிடைக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்று அவர் படித்ததில் ஓர் இடம். ஒரு தாய் முகத்துவாரத்தில் நிற்கிறாள். கரைக்கு வரும் ஒவ்வொரு படகிடமும் கேட்கிறாள். மகனைப் பற்றி அல்ல. 'அங்கே காற்று எப்படி?' என்று மட்டும். நான்கு பிள்ளை பெற்றவன் நான். என் பெரிய பெண் பரீட்சை எழுதிவிட்டு வந்தால், "வெயில் ஜாஸ்தியா?" என்றுதான் கேட்பேன்.

மையவாடியில் அவர் குழிக்கு மூன்று பிடி மண் போட்டேன். எந்த மன்மதமா இருந்தா இன்னா பாய், நீ படிச்சப்போ அழுதுட்டேன் என்று வாய்வரை வந்தது. "எதனா துப்பு கெடச்சுதா பாய்?" என்றுதான் கேட்டேன்.