அயோவா விருந்தில் ஒரு மக்காச்சோளச் சுண்டல்

விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, "வரும்போது சாப்பிட ஏதாவது செய்து கொண்டு வாருங்கள்" என்று சொல்கிற ஊரில் குடியிருக்கிறேன். எங்கள் வேப்பந்தட்டையில் யாராவது இப்படி அழைத்திருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கும். இங்கே அமெரிக்காவின் அயோவாவில் அதற்கு பாட்லக் என்று பெயர் வைத்து, எல்லாரும் சிரித்த முகமாகப் போகிறார்கள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரும்போது, என் ஆபீஸ் சிநேகிதி லிண்டா ஊர்க்கோடியில் இருக்கிற தன் வீட்டுக்கு எங்களையெல்லாம் கூப்பிடுவாள். வான்கோழி அவள் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு சைடு டிஷ். "எதற்குத் தொட்டுக்கொள்ள? சோற்றுக்கா, சப்பாத்திக்கா?" என்று முதல் தடவை நான் கேட்டபோது, அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதற்கும்" என்றாள். சோறே இல்லாத தட்டில் பொரியலுக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன வருஷம்தான் எனக்கு முதல் பாட்லக். மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு வறுவல் செய்துகொண்டு போனேன். காரத்தைக்கூட எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குப் போடுவதைவிடக் குறைத்துத்தான் போட்டிருந்தேன். ஒரு துண்டைக்கூட யாரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது லிண்டா ஏனத்தை அப்படியே என் கையில் கொடுத்து, "நாளைக்குச் சாப்பிடுங்கள்" என்றாள். பாத்திரத்தை நாங்கள் ஏனம் என்போம். ஒரு வீட்டுக்குக் கொண்டுபோன பண்டத்தை நிறை ஏனமாகத் திருப்பித் தூக்கி வருவதைப் போல அவமானம் உண்டா? காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். நம்மையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரரோ, "விடு, மூணு நாளைக்குக் கொழம்பு வெக்கிற வேல மிச்சம்" என்றார். அவருக்கு ஊர் அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டம். அரியலூர் மாவட்டம் எங்கள் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தது ஊரறிந்த கதை. நானும் அவரும் அத்தனையையும் ஒரே நாளில் செய்துமுடிப்போம். அன்றைக்கும் அதுதான் நடந்தது.

ஆகவே இந்த வருஷம் ஒரு முடிவோடு இருந்தேன். ஏனம் காலியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் லிண்டா வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை. சொல்லிவிட்டேனே தவிர, அது நடக்கிற காரியமா? இந்த ஊரில் காய்ச்சல் என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டி எட்டிப் பார்க்கிற ஒரே மனுஷி அவள்தான். அவளையும் விட்டுவிட்டால் எனக்குப் பனியும் டிவியும்தான் மிச்சம். ஊரில் இருக்கிற தங்கை செல்வியை வீடியோவில் கூப்பிட்டு, சுலபமாக என்ன செய்யலாம் என்று கேட்டேன். இங்கே இவர்களுக்கு மக்காச்சோளம் என்றால் உயிர் என்றும் சொன்னேன்.

"மக்காச்சோளமா? அதக் கோழித் தீவனத்துக்கில்ல ஏத்தி அனுப்புறோம்!" அவள் வயலில் நின்றுதான் பேசினாள். பின்னால் ஆளுயரத்துக்குச் சோளத்தட்டை. "அத மனுசங்க விருந்துல வெக்கிறாங்களாக்கா?"

"வெண்ணெய், பாலு, முட்டையெல்லாம் போட்டுக் கெளறி, அடுப்புல சுட்டு வெக்கிறாங்கடி. லிண்டா வூட்டுல வருசா வருசம் அதான்."

"அப்பச் சுண்டலாத் தாளிச்சுரு. சின்ன வெங்காயத்த மறந்துறாத. அது இல்லாட்டி நீ பெரம்பலூர்க்காரின்னு யாரு நம்புவா?"

வீட்டுக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "முந்திரி போடச் சொல்லு. எங்கூரு முந்திரி இல்லாம என்னா சுண்டலு?"

"முந்திரி போட்டா அது பாயசம் மாமா!" என்றாள் செல்வி.

கடைசியில் முந்திரியும் போட்டேன். இதைவிடச் சுலபமான பண்டம் கிடையாது. உறைந்த சோளமணிப் பாக்கெட்டைப் பிரித்துக் கொதிநீரில் கொட்டி வடித்தாயிற்று. கடலை எண்ணெயில் கடுகு வெடித்ததும் வெங்காயமும் கறிவேப்பிலையும். மாங்காய் கிடைக்காததால் புளிக்கிற பச்சை ஆப்பிளைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். மேலே தேங்காய்த் துருவலும் வறுத்த முந்திரியும். பச்சை மிளகாய் ஒன்றே ஒன்றைக் கீறிப் போட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிட்டேன். பெரம்பலூரும் அரியலூரும் மறுபடி ஒரே ஏனத்தில் சேர்ந்துவிட்டன என்று வீட்டுக்காரர் அறிவித்தார். நான் எவர்சில்வர் மூடியை அழுத்தி மூடினேன்.

லிண்டா வீட்டு மேசையில் இடமே இல்லை. மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், ஏதோ ஒரு சிவப்புக் கூழ், லிண்டாவின் சோளம். அவற்றுக்கு நடுவில் என் ஏனத்தை வைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் கோயிலுக்கு வேனில் போவோம். யோசித்தால் அதுவும் பாட்லக்தான். ஒரு வீட்டில் புளிச்சோறு, ஒரு வீட்டில் துவையல், இன்னொரு வீட்டில் அவித்த முட்டையை ஒளித்துக் கொண்டுவந்து திரும்பும் வழியில் திறப்பார்கள். சாமி கும்பிட்டு மரத்தடியில் உட்கார்ந்தாலும் ஏனங்கள் மூடியபடியேதான் இருக்கும். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து இலை போட்ட பிறகு, அந்தந்த வீட்டுப் பெண் தன் ஏனத்தைத் திறந்து பரிமாறுவாள். சாப்பிடுகிற கை ஏனத்தில் படக்கூடாது. அடுத்தவர் மூடியை நாமே திறந்தால், "காணாததக் கண்ட மாதிரி என்னடா அவசரம்?" என்று முதுகில் ஒன்று விழும்.

இங்கே யாரும் உட்காரவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்கள். பீன்ஸ் குறைந்தது. கூழ் குறைந்தது. என் ஏனத்தருகே வந்ததும் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துப் பணிவாக ஒரு புன்னகை செய்துவிட்டு நகர்ந்தார்கள். மறுபடியுமா? வீட்டுக்காரரைத் தேடினேன். அந்த மனுஷர் ஒரு மூலையில் வான்கோழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கேரி என் எதிரில் வந்து நின்றார். லிண்டாவின் அண்ணன், ஆயுசு முழுக்கச் சோளம் விளைவித்த மனிதர். பாதித் தட்டை வேண்டுமென்றே காலியாக வைத்திருந்தார்.

"ஒன்று கேட்கலாமா? இதை எப்போது திறப்பீர்கள்?"

"என்ன கேட்டீர்கள்?"

"போன வருஷமும் மூடியே இருந்தது. நீங்கள் காவல் மாதிரி நின்றீர்கள். உங்கள் சாமிக்கு வைத்தது போலிருக்கிறது, தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டோம். வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குப் போயும் எனக்கு அதே நினைப்புதான்."

அட கடவுளே! "நீங்கள் உட்கார்ந்தால்தானே நான் திறந்து பரிமாற முடியும்?" என்றேன். "நீங்கள் திறந்தால்தானே நாங்கள் எடுக்க முடியும்?" என்று பின்னாலிருந்து கத்தினாள் லிண்டா. ஒரு வருஷமாக நான் அவர்களுக்காகவும் அவர்கள் எனக்காகவும் காத்திருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போன வருஷத்து வறுவல் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

மூடியைத் திறந்தேன். ஆனாலும் கேரியை நிற்கவைத்துப் போட மனம் வரவில்லை. "முதலில் உட்காருங்கள்" என்றேன். சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்தார். நாலு கரண்டி வைத்தேன். ஒரு வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "இத்தனை காலமும் இதையா நான் பன்றிக்குப் போட்டேன்!" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அயோவாவில் ஒரு பந்தி! இடுப்பில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்? இன்னும் கொஞ்சம்?" என்று நடந்தேன். ஆப்பிளுக்கும் தேங்காய்க்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று லிண்டா கேட்டாள். கல்யாணம் செய்துவைத்தால் ஒத்துப்போய்த்தான் ஆக வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் தட்டோடு வந்தபோது கரண்டி ஏனத்தின் அடியைத் தட்டியது.

"எனக்கு ஒரு வாய் எடுத்து வெக்கலியா?"

"வான்கோழிகிட்டயே போங்க."

கிளம்பும்போது ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. லேசாகப் பனி கொட்டியது. அவர் முன்னால் போய் காரைக் கிளப்பி விளக்கைப் போட்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். "ஏய், காலி ஏனத்தத் தூக்கிக்கிட்டு எதுக்க வராத! வண்டி கெளம்புற நேரம், சகுனம் ஆவாது. அந்தப் பக்கமா சுத்தி வா."

"இன்னைக்கு எதுக்கதான் வருவேன்" என்றேன். ஏனத்தைக் குடம் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பனி பூட்ஸோடு, காருக்கு எதிரே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாக நடந்தேன். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற லிண்டா, இதுவும் எங்கள் பண்டிகைச் சடங்கு என்று நினைத்தாளோ என்னவோ, உற்சாகமாகக் கைதட்டினாள். வேப்பந்தட்டையில் யாராவது பார்த்திருந்தால் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பியிருப்பார்கள். நான் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், காலி ஏனத்தோடு இன்னொரு நடை நடந்தேன்.