மைதா டிரம்மில் போரிக் பவுடர்



ரேணிகுண்டாவில் ஒரு குழந்தைக்கு இன்று முதல் பிறந்தநாள். கேக் என் பொறுப்பு. ஆர்டர்களுக்காக மொத்தமாக வாங்கி டிரம்மில் கொட்டிவைத்த மைதாவைக் காலையில் சலித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "வண்டு வரும்னு பயந்துக்கினு இருந்தியே, இனிமே வராது. நேத்து போரிக் பவுடர் கலந்துட்டேன்."

"அய்யோ, அது விஷம்மா!"

"அரிசிக்கு வருசா வருசம் கலக்கறதுதானே? கழுவிட்டு ஆக்கினா போயிடும்."

"மைதாவை எப்படிம்மா கழுவுறது?"

அம்மா மண்வெட்டியை எடுத்துப் போய்க் கொல்லையில் குழி தோண்டினார்.

மாவு மொத்தமும் குழிக்குள் போனது. கடைக்கு ஓடிப் புது மைதா வாங்கிவந்து கேக்கை முடித்தேன்.

இத்தனை வருடம் சாப்பிட்ட சோற்றைப் பற்றித்தான் இப்போது யோசிக்கிறேன். உங்கள் வீட்டு டிரம்மில் என்ன கலந்திருக்கிறது? அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.