புகைக்குழாயில் கட்டிய பொம்மை

கோட்டைக்கு வருகிறவர்களிடம் அவித்த வேர்க்கடலை விற்கிறோம். அவிப்பது நான், வண்டி தள்ளி விற்பது என் வீட்டுக்காரர். சோற்றுக்குச் சிலிண்டர் இருக்கிறது. அண்டாக் கடலைக்கு அது கட்டுப்படியாகாது, விறகுதான். பல வருஷம் அந்தப் புகையைக் குடித்தேன். போன வருஷம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இனிப் புகையில் உட்கார்ந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அதனால்தான் புகைக்குழாய் வைத்த அடுப்பு.

அதைக் கட்ட மேஸ்திரி வந்ததுமே வம்பு. எங்கள் சமையல் கொட்டகைக்குக் கீற்றுக் கூரை. அவர் என்னடாவென்றால், எங்கேயோ போர்வெல் போட்டதில் மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

"இது இன்னாத்துக்கு மேஸ்திரி, உருகி என் தலையில ஊத்தவா?"

"எக்கா, நீ இன்னா இஞ்சினீயரா?"

"மூச்சு என்னுது. இரும்புக் கொழா வாங்கினு வா."

வாங்கி வந்தார். அடுத்து, கூரையில் குழாய் அளவுக்கே ஓட்டை போடப் போனார். சூடேறிய இரும்பு கீற்றில் பட்டால் பற்றும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சோம்பேறித்தனம். கத்தினேன். குழாயைச் சுற்றி ஒரு முழம் கீற்றை வெட்ட வைத்து, அந்த இடத்துக்குத் தகரம் அடிக்க வைத்தேன். கூரை முகட்டுக்கு மேலே மூன்றடி குழாய், மழை இறங்காமல் அதற்கொரு தொப்பி. மறுநாள் அடுப்பு மூட்டினேன். புகை மேலே போனது. கண் எரியவில்லை. ஆனாலும் அழுதேன்.

தெருவே நின்று பார்த்தது. அதுதான் என் வீட்டுக்காரருக்கு உறுத்தல். வீடு கட்டினால் உயரத்தில் வைக்கோல் பொம்மை கட்டுவார்கள், திருஷ்டிக்கு. எங்கள் வீட்டில் இப்போது உயரமான இடம் குழாய்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, அதில் பொம்மையைக் கட்டினார்.

நான் பார்த்தேன். மேஸ்திரியிடம் கத்தியே தொண்டை போயிருந்தது. இவரோடும் ஒரு சண்டையா என்று வாயை மூடிக்கொண்டேன். காலையில் அவிழ்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் மறந்துவிட்டேன்.

கடலை பாதி வேகும்போது மேலே படபடவென்று சத்தம். வெளியே ஓடினால் பொம்மை எரிகிறது. தொரட்டியால் இழுத்தேன். அது சரிந்து கீற்றில் விழுந்தது. தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். இருவரும் தொட்டித் தண்ணீரை வாரி வாரி இறைத்தோம். கட்டில் அகலத்துக்குக் கூரை போயிற்று.

வாசல்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தேன். அவர் முகத்தில் கவலையே இல்லை.

"பாத்தியா? எவ்ளோ கண்ணு பட்டிருந்தா பொம்மையே எரிஞ்சிருக்கும்! நமக்கு வர வேண்டியத அது வாங்கிக்கிச்சு."

"யோவ், வைக்கோல சுடுற கொழாயில கட்டினா எரியாம இன்னா பண்ணும்?"

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு உனக்கு. இத வுட பெருசா ஒண்ணு வாங்கியாந்து கட்றேன்."

சொன்னபடியே வாங்கி வந்தார். அதற்குள் ஏணியின் நாலு படிகளை அரிவாளால் வெட்டி அடுப்பில் போட்டுவிட்டேன். பொம்மை இப்போது கேட்டில் தொங்குகிறது.

ஆனால் பக்கத்து வீட்டில் ஏணி இருக்கிறது. தினமும் விறகைப் பற்றவைக்கும் முன் வெளியே போய்க் குழாயை அண்ணாந்து பார்க்கிறேன்.