பென் டிரைவில் இருந்த யூசுப்

போன வாரம் நன்னிலத்திலிருந்து, எனக்குத் தெரிந்த பையன் ஜாகிர் போன் செய்தான். "அண்ணே, அழிஞ்ச ஃபைலை எடுத்துத் தர முடியுமா?" குரலே சரியில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன? ஆனாலும் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

ஜாகிரின் அக்கா பரீதா. அவள் கணவர் யூசுப் வளைகுடாவில் லாரி ஓட்டியவர். அவர் அங்கே போன பிறகுதான் மகள் பிறந்தாள். அவளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஊருக்கு வருகிற யார் கையிலாவது பால்பவுடர், சென்ட் பாட்டிலோடு மகளுக்கென்று எடுத்த வீடியோக்களையும் கொடுத்தனுப்புவார். 'பல்லு முளைச்சிடுச்சா? வாப்பாவைத் தெரியுதா?' என்று கேட்டுச் சிரிக்கிற வீடியோக்கள். எல்லாவற்றையும் பரீதா ஒரே பென் டிரைவில் சேர்த்து வைத்திருந்தாள்.

சமீபத்தில் அங்கே ஒரு சாலை விபத்தில் யூசுப் இறந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே. இவர்களால் முகம் பார்க்கக்கூட முடியவில்லை.

தூதரகப் பேப்பருக்கு அவருடைய போட்டோ தேவைப்பட்டது. கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்ததால் பரீதா வெளியே போக முடியாது. பென் டிரைவிலிருந்த போட்டோவைப் பிரிண்ட் எடுக்க ஜாகிர் அதை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனான். போட்டோ கிடைத்தது... கூடவே வைரஸும்.

வீட்டு லேப்டாப்பில் செருகியதும் ஆன்டிவைரஸ் கத்தியது, வைரஸை அழித்தது. ஆனால் ஃபோல்டர் எதுவும் திறக்கவில்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்த ஜாகிர், மிச்சமீதி வைரஸும் ஒழியட்டும் என்று ஃபார்மட் செய்துவிட்டான்.

இந்த வகை வைரஸ் எதையும் அழிப்பதில்லை. ஃபைல்களை மறைத்து வைக்கும் வசதி கம்ப்யூட்டரிலேயே உண்டு, நாமே பயன்படுத்துவதுதான். வைரஸ் அதை வைத்தே நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலியை நிறுத்துகிறது. ஆன்டிவைரஸ் வந்தவனைப் பிடித்துவிடும். மறைந்ததை வெளியே கொண்டுவருமா? பல நேரம் கொண்டுவராது. மறைத்தது கம்ப்யூட்டரின் சொந்தக் கட்டளை — அதில் ஆன்டிவைரஸுக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

ஆக, ஃபார்மட் செய்யும் வரை யூசுப் அந்த டிரைவிலேயேதான் இருந்திருக்கிறார். செட்டிங்கில் ஒரு டிக்கை மாற்றியிருந்தால் போதும்.

"ஃபார்மட் பண்ணப்புறம் இதுல ஏதாவது ஏத்துனியா தம்பி?" என்றேன். வேறு எதுவும் ஏற்றாமலிருந்தால் ஓரளவு மீட்டுவிடலாம்.

ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டான். "நாப்பதாம் நாள் ஃபாத்திஹா வந்துச்சுண்ணே. மச்சானுக்காக வீட்டுல ஓதிக்கிட்டே இருக்கட்டும்னு குர்ஆன் ஆடியோ, பயான் சொற்பொழிவு வீடியோ எல்லாம் ஏத்தினேன். டிரைவ் ஃபுல்லாயிடுச்சு."

புதிது ஏறி நிரம்பிவிட்டால் அடியில் பழையது மிஞ்சாது. இருந்தாலும் எனக்குத் தெரிந்த எல்லா சாஃப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தேன். யூசுப்பின் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை.

அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து பரீதாவின் குரல் வந்தது. "அண்ணே, வைரஸ்தான அழிச்சுச்சு? தம்பி சோறு திங்காமக் கெடக்கான். தான்தான் அழிச்சிட்டேன்னு சொல்றான்."

ஜாகிர் என்னையே பார்த்தான்.

"வைரஸ்தாம்மா. ஜாகிர் ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடியே எல்லாம் போயிடுச்சு. என்கிட்ட அன்னைக்கே கொண்டாந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

செய்யாத குற்றத்தை ஒரு வைரஸின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்... அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.