அப்லோட் கட்டத்தில் ஒன்று

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களையும் டிரம்மையும் நிரப்பினேன். இட்லி, தேங்காய்ச் சட்னி. அலமாரித் தட்டைத் துடைத்துப் புதுக் காகிதம் விரித்தேன். காலையிலேயே வருவதாகச் சொன்ன ஃபைபர் இணைப்புக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். குறை சொல்லவில்லை, குறித்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

சுவரில் துளைபோட்டு வெள்ளைப் பெட்டியை மாட்டியதும், "எறக்குறதும் ஏத்துறதும் ஒரே ஸ்பீடுதான்க்கா. இனி ரெண்டுலயும் கொறையிருக்காது" என்றார்.

"சரி தம்பி" என்று சொன்னேன். என் முகம் ஏன் சுண்டியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் போன பிறகு பெட்டி சூடேறி ஒரு பிளாஸ்டிக் வாசம் வந்தது. நாகல்நகரில் நான் பாடம் நடத்திய கணினிப் பயிற்சி மையத்தில் மோடத்துக்கும் அதே வாசம்தான். இருந்த ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டிருப்போம். மோடம் சூடானால் வேகம் குறையும் என்று கண்டுபிடித்தவள் நான். அந்தக் காலத்தில் நான் நிறையக் கண்டுபிடித்தேன்.

அப்போது பெரிய கோப்பு வேண்டுமென்றால் டோரன்ட்தான். கோப்பு ஓரிடத்திலிருந்து வராது. வைத்திருப்பவர்கள் துண்டு துண்டாகத் தருவார்கள். நமக்கு வந்த துண்டுகளை நாமும் அடுத்தவர்களுக்குத் தரவேண்டும். தருவதுதான் அப்லோட். இருக்கிற குறுகலான லைனில் தருவது அதிகமானால் வருவது திணறும், அதனால் தருவதைக் கொஞ்சம் குறைத்துவைப்பது நல்லது. இதுவரை சரிதான். நான் 'கொஞ்சம்' என்பதை விட்டுவிட்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் அப்லோட் வேகத்துக்கான கட்டத்தில், இருப்பதிலேயே குறைந்த வேகமான ஒன்று என்று அடித்துவிட்டு, அவர்கள் தரும் காபியைக் குடித்துவிட்டு வருவேன். ஆயிரம் பேர் தருகிற கோப்புகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. "அக்கா கைவச்சா ஓடும்" என்று பெயரே வந்துவிட்டது.

அந்தப் பெயரை நம்பித்தான் ஆரோக்கியம் சார் வந்தார். எரியோடு பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர். பள்ளிக்கு யாரோ கொடுத்த பழைய கணினிகள் எல்லாம் வைரஸ் பிடித்துக் கிடந்தன. திங்கட்கிழமை கணினி அறை திறப்பு. அதற்குள் ஓட வைத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக நிர்வாகி சொல்லியிருந்தார். தன்னார்வலர்கள் சிலர் தமிழ் எழுத்துகளோடு இலவசமாக வெளியிட்ட ஓர் இயங்குதளம் டோரன்டில் மட்டும் கிடைத்தது. அதைப் போட்டால் கணினிகள் பிழைத்துவிடும்.

"திங்கக்கெழமைக்குள்ள வந்துருமா டீச்சர்?"

"சனிக்கெழமையே வந்து சிடி வாங்கிக்கங்க."

ஒன்றில் தடங்கல் வந்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று மூன்று இடத்தில் இறக்கினோம். மையத்தில் நான், என்னோடு வேலை பார்த்த செல்வி அவள் வீட்டில், பேகம்பூர் செல்போன் கடையில் பஷீர். மூன்றிலும் என் கையாலேயே ஒன்று அடித்தேன்.

சனிக்கிழமை செல்வி போன் செய்தாள். "அக்கா, முப்பது பர்சென்ட்லயே முக்குது. ஒங்களுக்கு?"

"எனக்கும் அம்புட்டுத்தான். அப்லோட் ஒன்னுதான இருக்கு? நல்லாப் பாரு."

ஞாயிறு மதியம் ஆரோக்கியம் சார் வெற்று சிடிகளை மடியில் வைத்துக்கொண்டு மையத்தில் உட்கார்ந்திருந்தபோது பஷீர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஏக்கா, டோரன்ட்ல யாரு யாரு இருக்காகன்னு நாட்டுக் கொடியோட வருமே, அந்த லிஸ்ட்டப் பாத்தியா? மொத்தமே மூணு கொடி. ஒன்னு வெளிநாட்டுக் கொடி. முழுசும் வச்சிருக்கிறது அந்தாளு ஒருத்தருதேன். மத்த ரெண்டும் நம்ம நாட்டுக் கொடி. அது யாருன்னு நெனைக்கிற?"

"யாரு?"

"நீயும் செல்வியுந்தேன்! நாம மாத்திக்கிடுவோம்னு அவரு ஆளுக்கொரு துண்டா வேற வேற குடுக்குறாரு. அது கைமாறினாத்தேன் அடுத்ததக் குடுப்பாரு. நாம மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் குடுக்காம சாத்திட்டு உக்காந்திருக்கோம். பூட்டுக்குப் பேர்போன ஊருக்காரின்னு காட்டிட்டியேக்கா!"

ஆரோக்கியம் சாரும் சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் இத்தனை நாள் எனக்கு நினைவிருந்திருக்காது.

மூன்று இடத்திலும் அந்த ஒன்றை எடுத்தோம். அதுவரை ஊர்ந்த பச்சைக் கோடு ஓடியது. என்னிடம் இல்லாதது செல்வியிடம் இருந்தது, அவளிடம் இல்லாதது பஷீரிடம். தொண்ணூற்றிரண்டு வரை வந்து கோடு நின்றது. வெளிநாட்டுக் கொடியைக் காணோம். முகம் தெரியாத அந்த மனிதர் கணினியை அணைத்துவிட்டுப் போயிருப்பார், அவருக்கும் ஞாயிறுதானே. இப்போது மூவரிடமும் ஒரே தொண்ணூற்றிரண்டு. மீதி யாரிடமும் இல்லை. முதல் நாளே திறந்து வைத்திருந்தால் போவதற்கு முன்பே அவர் முழுதும் தந்து முடித்திருப்பார்.

"செத்த நேரம் பாப்பமே டீச்சர்" என்றார் ஆரோக்கியம் சார். இருட்டும்வரை பார்த்தோம். பிறகு வெற்று சிடிகளோடு எழுந்து போனார்.

திங்கட்கிழமை திறப்பு விழா நடந்தது. விருந்தினர் பொத்தானை அழுத்தினார், திரை நீலமாக வந்து நின்றது, ஆரோக்கியம் சார் ஏதேதோ விளக்கம் சொன்னார். இதைச் சொன்னது பஷீர். அந்த வாரமே கணினி அறைக்கு வேறொருவரைப் போட்டார்கள்.

புதன்கிழமை அந்தக் கொடி திரும்ப வந்தது. கோப்பு முழுதாக இறங்கியது. சிடியில் ஏற்றி எரியோடு பஸ் பிடித்தேன். பள்ளி வாசலில் ஆரோக்கியம் சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வீட்டுக்கு ஆகும் டீச்சர். இதுக்குப் போயி பஸ் ஏறி வந்தீகளா" என்றார். பக்கத்தில் நின்ற காவலாளியிடம், "டவுன்லோடு மெதுவா இருந்துச்சுன்னா இவுககிட்டத்தான் கேக்கணும்ணே" என்று என்னை அறிமுகப்படுத்தினார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் தலைநிமிரவில்லை.

மையம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. பஷீர் வளைகுடா போய்விட்டான். செல்வியின் எண் மாறிவிட்டது. ஆரோக்கியம் சார் அந்த ஆண்டோடு பள்ளியை விட்டு நின்றதாகக் கேள்வி. ஒரு கோப்புக்காக முகம் தெரியாதவர் கணினியைத் திறந்துவைத்துக் காத்திருப்பதும், ஒரு கொடி வருமா என்று நாம் பார்த்துக்கொண்டிருப்பதும் போயே போய்விட்டன. எல்லாம் கேட்டவுடன் வருகிறது. யார் தருகிறார்கள் என்று பார்க்க அவசியமில்லை.

அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது. கணினி மாற்றும்போதெல்லாம் தவறாமல் மாற்றி வைப்பேன். இணைப்புக்காரர் போன அன்று மாலை டோரன்ட் நிரலைப் புதிதாக நிறுவி, அதில் அந்தக் கோப்பைச் சேர்த்தேன். அப்லோட் கட்டத்தில் எதையும் அடிக்கவில்லை.

மறுநாள் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் முதலில் போய்ப் பார்த்தது அந்தத் திரையைத்தான். ஒரு கொடியும் இல்லை. கணினியை அணைக்காமல் பால் வாங்கப் போனேன்.