எழுபது வளைவும் ஒரு குட்டைக் கிராங்கும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஊர்க்காரர்கள் சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரியும், பற்றவைக்கத் தெரியும், ஓட்டவும் தெரியும். ஏறவும் இறங்கவும் மட்டும் தெரியாது. மைல்கல்லோ மதகுச் சுவரோ கண்டால் அதில் கால் வைத்து ஏறுவேன். இறங்க வேண்டுமானால் அடுத்த கல் வரும்வரை போய்க்கொண்டே இருப்பேன். நாமக்கல்லில் நான் எந்தக் கடையில் டீ குடிப்பேன் என்பதை டீயின் ருசி முடிவு செய்வதில்லை.

இப்படிப்பட்டவன் இந்த ஐப்பசியில் (1983) கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய்வந்தேன். போனது இராசப்பனுக்காக.

இராசப்பனும் நானும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஜாக்கியில் நின்ற லாரி சரிந்து அவன் இடது முழங்காலில் விழுந்தது. ஜாக்கியை நிறுத்தியவன் நான். மழை பெய்து ஊறிய தரை. அடியில் பலகை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அந்த முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. இதைப் பற்றி இராசப்பன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம்.

பட்டறையில் அவனைக் கொஞ்ச நாள் வாசல் காவலுக்கு உட்கார வைத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டில் தபால் எடுக்க ஆள் தேவை என்று தெரிந்தது. தினமும் மலைமேல் சோளக்காடு ஊரில் தபால் பையை வாங்கி மூன்று எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தங்க ஓர் அறை உண்டு. மேடு ஏறும் சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வரச் சொல்லி எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

சைக்கிள் நான் கட்டினேன். பழைய பிரேம் எண்பது ரூபாய். முன்னால் நாற்பத்தெட்டுப் பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சின்ன சைக்கிளின் முப்பத்திரண்டு பல் சக்கரம் போட்டேன். பின்னால் பதினெட்டுப் பல்லுக்குப் பதில் இருபத்திரண்டு. கியர் எல்லாம் கிடையாது, ஒரே வேகம்தான். ஆனால் மேட்டில் கால் நோகாமல் சுற்றும். சமதரையில் ஆமை நம்மை முந்தும்.

அடுத்தது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கை. இடது பக்கத்துக் கையை நடுவில் அறுத்து, மூன்று அங்குலத்துக்குக் குறைத்துப் பற்றவைத்தேன். வலது கால் பெரிய வட்டம் போட, மடங்காத கால் கூடவே சின்ன வட்டம் போடும். இராசப்பன் பட்டறையைச் சுற்றி நான்கு சுற்று மிதித்துவிட்டு, "நாஞ் சுத்துறனா, காலு சுத்துதா?" என்றான். அதுவரை எல்லாம் சரி.

பிரேக்கில்தான் நாங்கள் லாரிக்காரர்கள் என்பதைக் காட்டிக்கொண்டோம். பத்து டன்னை நிறுத்துவது சைக்கிளை நிறுத்தாதா என்று, பிரேக் கட்டைக்குப் பதில் லாரி பிரேக்கின் லைனிங் பட்டையை அறுத்து வைத்தேன். கிளம்பும்போது லாரிக்கு வைப்பது போலவே இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். முன்சக்கரம் நசுக்கியது. பின்சக்கரத்துப் பழம் நசுங்காமல் வழுக்கி விலகிப் போனது. இருவரும் பார்த்தோம். பார்க்காதது போலக் கிளம்பினோம்.

பஸ் மேலே வைத்துக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போனா பஸ்ஸுலயே திருப்பி உட்ருவாங்க மாப்ள. மிதிச்சு வந்தேன்னு சொல்லோணும்."

காலை நாலே முக்காலுக்கு நாமக்கல். சேந்தமங்கலம் பதினோரு கிலோமீட்டர், ஐந்தே முக்கால். டீ முப்பது பைசா, சூடு மட்டும் நன்றாக இருந்தது. அடிவாரம் காரவள்ளி ஏழரை. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தூறல் விடவில்லை. மலையே இல்லாதது போல மூட்டம் மூடியிருந்தது.

வளைவுக்கு வளைவு ஓரக்கல் நட்டிருந்ததால் எனக்கு ஏற இறங்கக் குறையில்லை. ஆனால் என்னுடையது சாதாரண சைக்கிள், பாதி வழி உருட்டினேன். இராசப்பன் முன்னால் ஏறிக்கொண்டே இருந்தான். மூட்டத்துக்குள் அவன் தெரியவில்லை, செயின் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பதாவது வளைவில் எனக்காக நின்றான்.

"என்ன மாப்ள, உன்ற கல்லெல்லாம் சௌக்கியமா?"

"உன்ற காலு?"

"அது எப்பவும் போலக் கெடக்குது."

முகம் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். "மணி என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு மிதித்தான்.

எஸ்டேட்டுக்குள் நுழையும்போது பதினொன்று நாற்பது. கணக்கப்பிள்ளை குடையோடு வெளியே வந்தார். அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை, இராசப்பன் இறங்கி நின்ற விதத்தைப் பார்த்தார்.

"காலு மடங்காதா?"

"மடங்காதுங்க. ஆனா மிதிக்குமுங்க. கீழிருந்து மிதிச்சுத்தான் வந்தேன்."

"சித்த நடந்து காட்டப்பா."

காபி காயவைக்கும் களத்தில் இராசப்பன் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தான். ஈரத்தில் அந்தக் காலை இழுத்து இழுத்து வைத்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பைய எடுத்துட்டு ஒத்தையடிப் பாதையிலயும் போகோணும். இது ஆகாது" என்றார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. பிறகு சைக்கிளை வாங்கி ஏறி ஒரு சுற்று வந்தார். ஒரு முழங்கால் மேலே, ஒரு முழங்கால் கீழே.

"ஏப்பா, இது நொண்டியடிக்குதே?"

"அது ஏறுற ஆளப் பொறுத்துங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "மேடு நல்லா ஏறுது. ரெண்டு பக்கமும் சமமா வெச்சு ரெண்டு சைக்கிள் கட்டிக் குடுப்பியா?"

தபால் வேலை கேட்டு வந்தவன் பக்கத்தில் நிற்க, ஜாக்கி வைத்தவனுக்கு வேலை கிடைத்தது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன். வாசலுக்கு வந்ததும் இராசப்பன் சொன்னான்: "கட்டிக் குடு மாப்ள. சைக்கிளாச்சும் வேலைக்குச் சேரட்டும்."

இறங்கும்போதுதான் லைனிங் பல்லிளித்தது. ஈர இரும்பு ரிம்மில் அது பிடிக்கவே இல்லை. முதல் வளைவிலேயே இராசப்பன் நல்ல காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினான். விறகுக்கட்டோடு வந்த ஒரு மலைக்காரர், "கெளைய வெட்டிப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போ சாமி, நாங்க அப்படித்தான் எறங்குவோம்" என்று அவரே ஒரு கிளையை வெட்டிக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார். மிச்ச வளைவு முழுக்க அவன் பின்னால் அந்தக் கிளை சரசரவென்று வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி கார்த்திகையில் போகாதீர்கள். முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் இருபத்திரண்டு பல் போதும். பிரேக்குக்குச் சைக்கிள் கட்டையே வாங்குங்கள், லாரியை லாரியோடு விடுங்கள். கயிறு ஐந்து முழம் எடுத்துப் போங்கள், கிளை மலையில் கிடைக்கும். எதை நிறுத்தினாலும் அடியில் பலகை போடுங்கள்.

காரவள்ளிக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி மூன்றேகால். இராசப்பன் முன்னதாக வந்து சாலையோரம் நின்றிருந்தான். அடிவாரத்தில் ஓரக்கல் கிடையாது. நின்றிருந்தது அவன் ஒருவன்தான், அதனால் இறங்குவதற்கு அவன் தோளைப் பிடித்தேன். இருவரும் விழுந்தோம். அவனுடைய நல்ல கால் சுளுக்கிக்கொண்டது. நான்கு மணி பஸ்ஸில் திரும்பினோம், இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து லக்கேஜ் மூன்று ரூபாய். சேந்தமங்கலம் தாண்டும்வரை கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு இராசப்பன் சொன்னான்:

"நாளைக்கு அந்தப் பக்கத்துக் கிராங்கையும் அறுத்துரு."