பாலம் கட்டியதற்கு ஆதாரம் தேவை

எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ இன்று காலை என் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணையப் பக்கத்தில் அவருடைய வரலாறு இருக்கிறது.

“ஒரு தபா ஜெயிச்சத ஒரே வரியில முடிச்சிட்டான். கட்சி மாறி மாறி தோத்ததுதான் பக்கம் பூரா. அத்த எடுத்துடுப்பா.”

“எடுத்தா திரும்பப் போட்டுடுவாங்கய்யா.”

“அப்ப நான் கட்டன பாலத்தயாவது சேரு.”

சேர்த்தேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் யாரோ நீக்கிவிட்டார்கள். ஆதாரம் இல்லையாம். நான் தினமும் கடைக்கு வருவதே அந்தப் பாலத்தின் மேல்தான்.

“திறப்பு விழா கல்வெட்டு இருந்துச்சேய்யா. அத போட்டோ எடுத்துப் போட்லாமா?”

வேட்டி மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

“அத்த நான்தாம்பா பேத்தெடுக்கச் சொன்னேன். கட்சி மாறனப்போ பாத்தா, என் பேருக்கு மேல பழைய தலைவர் பேரு பெருசா இருந்துச்சி.”



ஆரணிக்காரர்களே, அந்தக் கல்வெட்டின் பழைய போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். “தலைவர் பேர வெட்டிட்டுப் போடுப்பா, இப்ப இருக்கற கட்சியில பேஜாராய்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.